வாட்டம்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றுக் கழிமுகத்துப் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்கக வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை போன் செய்தார். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி. விலைக்கு வந்தது நாலாவது, அதாவது கடைசி மாடி. "மாமா, நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொன்னாத்தான் அவ ஒத்துக்குவா" என்றார். என் மகள் அப்படித்தான். என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். நான் சிவில் டிப்ளமா படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் முப்பத்தைந்து வருஷம் வீட்டு வரைபடம் போட்டவன். சின்னாளப்பட்டியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினேன்.

வீட்டுத் தரகர் நல்ல மனிதர். கதவைத் திறந்ததும் நேராகப் பால்கனிக்குக் கூட்டிப்போனார். பூங்காவின் பச்சை, அதற்கு அப்பால் உப்பங்கழியின் தண்ணீர், ஆற்றுக்குத் தென்கரையில் தியோசாபிகல் சொசைட்டித் தோப்பின் மர உச்சிகள். பதினோரு மணி வெயிலில் அந்தக் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மகள் முகத்தைப் பார்த்தேன், அவள் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். படுக்கையறைக் கூரையின் மூலையில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. புது வெள்ளைக்குக் கீழே அது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"மொட்டை மாடிச் சாவி வேணும்" என்றேன். தரகருக்குக் கொஞ்சம் ஆச்சரியம். வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறை பார்ப்பார்கள், குழாயைத் திறப்பார்கள், மாடிச் சாவியை யாரும் கேட்பதில்லையாம். சாவி வரும் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் மகளிடம் சொன்னதும், சொல்லாமல் விட்டதும்தான் இது.

கடைசி மாடி வீட்டுக்குத் தலைக்கு மேல் குடியிருப்பது வெயிலும் மழையும்தான். அந்த இரண்டையும் தாங்கும் தட்டையான கூரையை நம் ஜனங்கள் எத்தனை பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்தாலே, அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று தெரியும். திருநெல்வேலிப் பக்கம் மட்டப்பா. கோவில்பட்டியிலும் அதற்குத் தெற்கேயும் தட்டட்டி. வடக்கே மெத்தை வீடு. மேல்தளம் இருந்தால் மச்சு வீடு. எங்கள் மதுரை, திண்டுக்கல் சீமையில் மரக்கட்டையும் செங்கலும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தளத்துக்குக் கட்டகுத்து என்று பெயர். இன்றைக்கும் பழைய வீட்டுப் பத்திரத்தில் 'கட்டகுத்து மெத்தை வீடு' என்று எழுதியிருக்கும். பொறியியல் புத்தகத்தில் இதுவே 'மெட்ராஸ் டெரஸ்'. ஒரு ஊரின் பெயரைத் தாங்கி உலகப் புத்தகங்களில் ஏறிய கூரை அது.

சின்னாளப்பட்டியில் மாடி என்பது லேசில் வந்ததில்லை. நெசவாளி தரையோடு பிறந்தவன். குழித்தறியில் உட்காருகிறவன் இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கிறான். கால் மிதிப்பது குழிக்குள். மண்ணின் ஈரம் இருந்தால்தான் இழை அறாமல் வரும் என்று கோடையில் தறியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். பாவு போடத் தெரு வேண்டும், விடியும் முன் தெரு நீளத்துக்கு இழையை இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்க்க வேண்டும். இதில் எதையும் மாடியில் செய்ய முடியாது. அதனால் எங்கள் ஊரில் தொழில் கீழே, உறக்கம் தறிக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் நாட்டு ஓடு.

ஆர்ட் சில்க் சேலைக்கு மவுசு வந்த பிறகுதான் மாடிகள் எழும்பின. பட்டு வாங்க முடியாத வீடுகளில் கல்யாணத்துக்குச் சின்னாளப்பட்டிப் பட்டு எடுத்த காலம் அது. சுங்குடியும் கூடவே ஓடியது. நூலும் சேலையும் வாங்கி விற்றவர்கள் முதலில் மாடி கட்டினார்கள். அங்கும் யாரும் குடியிருக்கவில்லை. மேல்தளத்தில் நூல் பொதி, அதற்கு மேல் வெட்டவெளியில் சாயம் தோய்த்த நூல் கயிறு கயிறாகக் காயும். ரோஸும் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் சொட்டிச் சொட்டி, வெள்ளைச் சுண்ணாம்புத் தளமே ஒரு சேலை மாதிரி ஆகிவிடும். அப்பா கட்டிய மாடி ஒன்றில் நானே பார்த்திருக்கிறேன். அதைக் கழுவ அவர் விடமாட்டார், "சாயம் தளத்துக்கு ஒண்ணும் பண்ணாது, நின்ன தண்ணிதான் பண்ணும்" என்பார்.

கட்டகுத்து போடும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சுவரின் மேல் தேக்கு உத்திரங்கள் ஏறும். உத்திரத்துக்கு நடுவே சின்னக் கட்டைகள். அதன் மேல் தளச் செங்கல். அது சுவர்ச் செங்கல் இல்லை. ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரே அங்குலக் கனம், பிஸ்கட் மாதிரி இருக்கும். அதைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போக வேண்டும். சாய்வாகப் பதித்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கீழிருந்து பார்த்தால் நெய்த பாய் மாதிரி இருக்கும்.

அது இறுகிய பிறகு அம்மாவின் வேலை தொடங்கும். உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். சுண்ணாம்பு எங்கள் பக்கத்துச் சுக்கான்கல்லைக் காளவாசலில் சுட்டது. தண்ணீர் விட்டு அதைத் தாளிக்கும்போது எழும் ஆவியில் கிட்டே நிற்க முடியாது. மாடு பூட்டிய செக்கில் மணலோடு அரைப்பார்கள். ஒரு வாரம் முந்தியே பீப்பாயில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்டிருப்பார்கள். அது நுரைத்துப் புளித்து, தேன் நிறத்தில், மூக்கைத் துளைக்கும் ஒரு வாசம் அடிக்கும். எனக்கு இன்றும் வீடு கட்டும் வாசம் என்றால் அதுதான், சிமெண்ட் வாசம் இல்லை.

பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். ஆளுக்கொரு புளியங்கட்டை, கைப்பிடி வைத்துச் செதுக்கியது. ஒரு முனையில் தொடங்கி தட்டிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஒருத்தி கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வருவாள். மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். பாட்டு இல்லாமல் இந்த வேலை நடக்காது, பாட்டுத்தான் எல்லாக் கையையும் ஒரே நேரத்தில் இறக்கும். முதல் நாள் தட்டினால் மண்ணில் தட்டின மாதிரி சத்தம் செத்துக் கிடக்கும். மூன்றாம் நாள் கட்டை பட்டதும் எம்பும், கணீரென்று கேட்கும். அப்போது அப்பா மேலே வந்து காது கொடுத்துக் கேட்பார். எங்கே சத்தம் மந்தமோ அங்கே விரலால் வட்டம் போடுவார். வட்டத்துக்குள் மறுபடியும் தட்டு.

அம்மாவின் கை கடுக்காய்க் கறையில் கறுத்து, சுண்ணாம்பில் வெடித்திருக்கும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, கையைத் தொடாமல் படு என்பாள். கூலி கொத்தனார் கூலியில் பாதி. தண்ணீர் ஒழுகாத வீட்டுக்குப் பேர் கொத்தனாருக்குத்தான் போகும். தளத்தைத் தளமாக்கியது அந்தக் கட்டைகள் என்று வரைபடம் போடத் தொடங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. எந்த வரைபடத்திலும் அவர்களைக் காட்ட ஒரு கோடு கிடையாது.

கடைசியாகத் தட்டோடு பதித்து இடுக்கை அடைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வாட்டம். தண்ணீர் வடிகுழாயைப் பார்த்து ஓடும்படி தளத்தைச் சரிப்பதற்குப் பெயர் வாட்டம் விடுவது. மூன்றடிக்கு ஒரு அங்குலம். கண்ணுக்கு அது தெரியக்கூடாது, தண்ணீருக்குத் தெரிய வேண்டும். வேலை முடிந்த அன்று அப்பா ஒரு குடம் தண்ணீரை உயரமான மூலையில் கவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். பீடி முடிவதற்குள் தளம் வடிந்திருந்தால்தான் மீதிக் கூலியை வாங்குவார்.

இந்தத் தொழில் அழிந்ததற்கு முதல் காரணம் சிமெண்ட் இல்லை, தேக்கு. மெட்ராஸ் மாடிகள் பர்மாத் தேக்கில் நின்றவை. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த மரம் நின்றுபோனது. சிமெண்ட் நம் மாகாணத்தில் முந்தியே தலைகாட்டியிருந்தது. 1904இலேயே மெட்ராசில் ஒரு கம்பெனி சிமெண்ட் செய்யத் தொடங்கி, அது நிலைக்கவில்லை. பிறகு மதுக்கரை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. மரம் போன இடத்தில் கம்பியும் காங்கிரீட்டும் வந்து உட்கார்ந்தன. ஆனாலும் எங்கள் ஊருக்கு அது மெதுவாகத்தான் வந்தது. சிமெண்ட் கட்டுப்பாட்டுப் பொருள். தாலுகா ஆபீசில் மனு எழுதிப் பர்மிட் வாங்க வேண்டும். 1982இல் பாதிக் கட்டுப்பாடு போனது, 1989இல் முழுசும் போனது. அதன் பின் ஐந்தே வருஷத்தில் காளவாசல்கள் அணைந்துவிட்டன. அம்மா அதற்கப்புறம் ஜல்லி சுமந்தாள், தளம் தட்டவில்லை.

இப்போது அந்த நாலாவது மாடிக்கு வருகிறேன். மேல்மாடி யாருடையது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய ரோமாபுரியில் அடுக்கு வீடுகளின் உச்சியில் இருந்தவர்கள் ஏழைகள், தீப்பிடித்தால் இறங்க வழியில்லாதவர்கள். பாரிசில் வேலைக்காரப் பெண்கள் கூரைக்கடியில். 1850களில் அமெரிக்காவில் ஓட்டிஸ் என்பவர் அறுந்தாலும் விழாத லிஃப்டைச் செய்து காட்டிய பிறகு அது தலைகீழானது. பணக்காரர் மேலே ஏறினார்.

மெட்ராசின் கதை வேறு. இங்கே வெள்ளைக்காரத் துரைமார் லிஃப்ட் இல்லாத காலத்திலேயே மேலேதான் இருந்தார்கள். தோட்ட வீடுகளில் கீழ்த்தளம் சாமான்களுக்கு. மேல்தளம் மத்தியானம் கிழக்கிலிருந்து இறங்கும் கடல் காற்றுக்கு. அவர்களால் அங்கே இருக்க முடிந்தது ஏன் என்றால், தலைக்கு மேலே முக்கால் அடிக்குக் குறையாத செங்கல் சுண்ணாம்புத் தளம் இருந்தது. அது சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். 1768இல் ஆற்காட்டு நவாப் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையும் கடலைப் பார்த்தது. அதன் கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இடிந்து விழுந்தபோது, எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. பொதுப்பணித் துறை அதை இடித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்துப் பழைய முறையிலேயே எழுப்பியது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்கள் கையை ஒரு தடவை பிடித்துக் கும்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

1959இல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. எழும்பியது. பதினாலு மாடியை அண்ணாந்து பார்க்க எங்கள் ஊரிலிருந்தே சேலை மூட்டையோடு போனவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். உயரம் என்றால் மதிப்பு என்று தமிழ்நாட்டுக்கு அந்தக் கட்டடம்தான் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். ஆனால் குடியிருக்கும் மாடி வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. நொச்சிக்குப்பத்தில் மணலில் குடிசை போட்டிருந்த மீனவர்களுக்கு அடுக்கு வீடு கட்டினார்கள். கூரை கிடைத்தது, பெரிய காரியம். ஆனால் வலையை எங்கே காயப்போடுவது, கட்டுமரத்தை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்வி எனக்கு உடனே புரிந்தது. குழித்தறியைத் தூக்கி மாடியில் வைக்கச் சொன்ன மாதிரிதான் அது.

அடுக்ககங்கள் பெருகியபோது கட்டியது நான்கு அங்குல, ஐந்து அங்குலக் காங்கிரீட். பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ராத்திரி வீட்டுக்குள் உமிழும். அதனால் சென்னையில் கடைசி மாடி என்றால் விலை குறைத்துக் கேட்கும் வழக்கம் ரொம்ப நாள் இருந்தது. 'டாப் ஃப்ளோரா? வேண்டாம்ப்பா' என்பார்கள். மழையில் ஒழுகும், லிஃப்ட் நின்றால் ஏற முடியாது, தண்ணீர் அழுத்தம் வராது. அந்தக் கணக்கை மாற்றியது இரண்டு தண்ணீர். 2004 டிசம்பர் 26 கடல், 2015 டிசம்பர் ஆறு. செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு இரு கரையும் மீறியபோது கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் கீழ்வீட்டு ஜனங்கள் மொட்டை மாடியில்தான் உயிர் பிழைத்தார்கள். ஹெலிகாப்டர் அங்கேதான் சோற்றுப் பொட்டலம் போட்டது. அதற்குப் பிறகு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனாவது மாடி என்றுதான்.

பால்கனியில் தெரிந்த அந்தப் பூங்காவும் பழசு இல்லை. அது அடையாற்றின் உப்பங்கழி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடம். வருஷக்கணக்காகக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். அதில் 58 ஏக்கரை மீட்டு, மண்ணை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டு, கழிமுகத்து மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். குப்பைமேட்டைப் பார்த்த ஜன்னல்கள் ஒரே நாளில் பூங்காவைப் பார்த்த ஜன்னல்கள் ஆகிவிட்டன. வீட்டு விலையில் அந்தத் தண்ணீரும் ஏறிக்கொண்டது.

சாவி வந்தது. மேலே ஏறினோம்.

நான் பயந்ததுதான். ஆதியில் போட்ட ஜல்லித் தளமும் தட்டோடும் இருந்தன, அதன் மேல் எப்போதோ ஒரு சிமெண்ட் பூச்சு, அதன் மேல் ஒரு கெமிக்கல் பெயிண்ட். ஒழுகும்போதெல்லாம் ஒரு போர்வை போர்த்தியிருக்கிறார்கள். போர்வைக்கு அடியில் வாட்டம் செத்துவிட்டது. மகள் கையில் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கி உயரமான மூலையில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு கஜம் ஓடியது, யோசித்த மாதிரி நின்றது, அப்புறம் வடிகுழாய்க்கு எதிர்ப் பக்கம் திரும்பிப் படுக்கையறை மூலைக்கு மேலே போய்த் தேங்கியது. கீழே பார்த்த கறைக்கு நேர் மேலே. அங்கே கறுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன, ஒவ்வொரு மழைக்கும் ஒன்று. கைப்பிடிச் சுவரின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. உப்புக்காற்று. கடலோரத்தில் கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காங்கிரீட்டையே பிளக்கும்.

"அப்ப வேணாமாப்பா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூணும் உத்திரமும் நன்றாக இருந்தன. கெட்டது மேல்தோல்தான். ஆனால் அந்தத் தோல் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. அடுக்கக உரிமைச் சட்டப்படி மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. வீட்டுப் பத்திரத்தில் மனையின் பிரிபடாத பாகம் எவ்வளவோ அதே விகிதத்தில் கூரைச் செலவிலும் பங்கு. ஒழுகுவது கடைசி மாடிக்காரன் தலையில் மட்டும் என்பதால் மற்றவர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள், அதுதான் எல்லா அடுக்ககத்திலும் நடக்கிற சண்டை. "வாங்கறதுக்கு முந்தி சங்கத்துல எழுத்துல வாங்குங்க மாப்பிள்ளை, எல்லாப் பூச்சையும் கொத்தி எடுத்துட்டு, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டி, தட்டோடு பதிச்சு, வாட்டம் புதுசா விடணும்னு" என்றேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு மேலே வந்தார். பாட்டில் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்தார். அவருடைய சுவரிலும் ஈரம் இறங்கத் தொடங்கியிருந்ததாம். சங்கத்தில் அவர் பேசியதால்தான் கையெழுத்து கிடைத்தது என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார்.

வீட்டை வாங்கிவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தளத்தை முடித்தாக வேண்டும். சென்னையில் இரண்டு மேஸ்திரிகளிடம் கேட்டேன். ஜல்லியை இயந்திரத்தில் கலந்து கொட்டி, ரோலர் ஓட்டிவிடலாம் என்றார்கள். ரோலர் மூலைக்குள் போகாது. ஒழுகுவது எப்போதும் மூலையில்தான்.

ஊருக்கு வந்ததும், அம்மாவோடு வரிசையில் உட்கார்ந்து தட்டியவர்களைத் தேடிப் போனேன். மூன்று பேர்தான் மிச்சம். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, ஒருவருக்கு இடுப்பு முடியாது. மூன்றாவது எனக்கு அத்தை முறை, எழுபதைத் தாண்டியவர், அம்பாத்துரை ரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கை மடியில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க தட்ட வேணாம் அத்தை. அங்க இருக்கற பொண்ணுகளுக்குச் சொல்லிக்குடுத்தா போதும். சத்தம் கேட்டுச் சொல்லுங்க."

"எத்தனாவது மாடி?"

"நாலு. அதுக்கு மேல."

"படி ஏறணுமா?"

"லிஃப்ட் இருக்கு. கடைசி ஒரு மாடிக்குத்தான் படி."

"கடல் தெரியுமாய்யா?"

"கழி தெரியும். அதத் தாண்டினா கடல்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், அடுப்படிப் பரணில் துழாவி, கைப்பிடி வழவழத்துப்போன ஒரு புளியங்கட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"கடுக்கா இப்பவே ஊறப்போடச் சொல்லு" என்றார்.